கொல்லிமலை மிளகு கம்பெனிக்கு ஆடிட் ஃபீஸ் எவ்வளவு? கட்டணத்தை முடிவு செய்யும் 7 விஷயங்கள்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே ஊராட்சிகளுக்கு எல்லாம் 'நாடு' என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டனி நாடு என்று வரிசையாகச் சொல்வார்கள். மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசிதான் இங்கே பிழைப்பு.

குண்டனி நாட்டு மிளகு விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரிக்கு வித்தது போதும், நாமே வாங்கி நாமே விற்போம் என்று முடிவு. முதல் வருஷம் முடிகிறது. கணக்கைத் தணிக்கை செய்ய ஆடிட்டரைத் தேடுகிறார்கள். ஒருவர் ஒரு தொகை கேட்கிறார். இன்னொருவர் அதில் பாதிதான் கேட்கிறார். மூன்றாமவர், "கணக்குப் புத்தகத்தைப் பார்க்காம ரேட் சொல்ல முடியாதுங்க" என்கிறார்.

ஒரே கம்பெனி, ஒரே கணக்கு. ரேட் மட்டும் ஏன் மூணு விதம்? இதில் யார் சொல்வது நியாயம்? குறைந்த ரேட்டைப் பிடித்தால் லாபமா? விரிவாகப் பார்ப்போம்.

ஆடிட் கட்டாயமா? சின்ன கம்பெனிக்குக் கூடவா?

ஆமாம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பதிவு செய்த ஒவ்வொரு நிறுவனமும் வருடந்தோறும் வெளி ஆடிட்டரை வைத்துக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். லாபம் வந்ததா, நஷ்டமா, வியாபாரமே நடக்கவில்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் ஆடிட் உண்டு.

மற்ற அமைப்புகளுக்கு இந்த விதி வேறு. 'எல்எல்பி' என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கு, ஆண்டு வருவாய் 40 லட்சம் ரூபாயையோ, பங்குதாரர்கள் போட்ட பணம் 25 லட்சம் ரூபாயையோ தாண்டினால்தான் ஆடிட். கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனிச் சட்டம். தமிழ்நாட்டில் அதைக் கவனிக்க அரசின் கூட்டுறவுத் தணிக்கைத் துறை இருக்கிறது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கூட்டுறவு மாதிரிதான் நடக்கும். உறுப்பினர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. 10 விவசாயிகள் சேர்ந்தாலே தொடங்கலாம். மத்திய அரசு 2020-ல் ஆரம்பித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் உதவி வேண்டுமானால், சமவெளியில் 300 உறுப்பினர்கள், மலைப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் 100 உறுப்பினர்கள் வேண்டும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம். உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒரு ஆடிட் இல்லை, இரண்டு ஆடிட். வருடக் கடைசியில் நடக்கும் வெளித் தணிக்கை ஒன்று. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவரை வைத்து இடையிடையே செய்ய வேண்டிய உள் தணிக்கை இன்னொன்று. சரி, இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாமே? முடியாது. வெளித் தணிக்கை செய்பவர் அதே நிறுவனத்துக்கு உள் தணிக்கையும் செய்யக் கூடாது, கணக்கும் எழுதித் தரக் கூடாது என்று சட்டத்தின் 144-வது பிரிவு தடுக்கிறது. தான் எழுதிய பரீட்சைத் தாளைத் தானே திருத்தக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆக, மலையில் இருக்கும் சின்ன கம்பெனியும் கணக்கு எழுத ஒருவர், உள் தணிக்கைக்கு ஒருவர், வெளித் தணிக்கைக்கு ஒருவர் என்று செலவு செய்ய வேண்டும். அதனால்தான் கட்டணம் எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

கட்டணத்தை முடிவு செய்வது யார்?

அரசு நிர்ணயித்த ரேட் எதுவும் கிடையாது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களின் அமைப்பான ஐசிஏஐ, குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கலாம் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை.

சட்டத்தின் 142-வது பிரிவு, ஆடிட்டரின் ஊதியத்தை நிறுவனத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிவு செய்யும் என்கிறது. அல்லது எப்படி முடிவு செய்வது என்று அந்தக் கூட்டம் வழி சொல்லலாம். நிறுவனம் தொடங்கும்போது நியமிக்கப்படும் முதல் ஆடிட்டருக்கு மட்டும் இயக்குநர் குழுவே கட்டணம் பேசலாம்.

அதாவது, காகிதத்தில் முதலாளி உறுப்பினர்கள்தான். நடைமுறையில் என்ன நடக்கிறது? தலைவரோ நிர்வாக அதிகாரியோ போனில் பேசி முடிப்பார். கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்படும். எல்லோரும் கை தூக்குவார்கள். முடிந்தது.

இன்னொரு விதியும் உண்டு. கம்பெனியின் லாபத்தில் இத்தனை சதவீதம், கடன் கிடைத்தால் இவ்வளவு என்று பேசி ஆடிட் ஃபீஸ் வாங்கக் கூடாது. லாபத்தை ஏற்றிக் காட்டினால் ஆடிட்டருக்கும் லாபம் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

அப்போ ஃபீஸ் எதை வைத்துத்தான் முடிவாகிறது? 1980-ல் டான் சிமுனிக் என்ற கணக்கியல் ஆய்வாளர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்தார். அவர் ஆய்வின் சாரம் எளிமையானது. ஆடிட் ஃபீஸில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, வேலைக்கு ஆகும் நேரம். மற்றொன்று, பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் ஆடிட்டர் தாங்க வேண்டிய இழப்பு. கீழே வரும் ஏழு விஷயங்களும் இந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

1. கம்பெனியின் அளவு

முதல் காரணம் இதுதான். சொத்து, விற்பனை, பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஃபீஸும் கூடும்.

ஆனால் அளவு இரண்டு மடங்கானால் ஃபீஸும் இரண்டு மடங்காகாது. ஆடிட்டர் எல்லா பில்லையும் பார்ப்பதில்லை. மாதிரி எடுத்துப் பார்ப்பார். 1,000 பில்லுக்கு எடுக்கும் மாதிரியைப் போல இரண்டு மடங்கு மாதிரி 2,000 பில்லுக்குத் தேவைப்படாது.

இதன் மறுபக்கம்தான் சின்ன கம்பெனிக்கு வலி. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் திட்டமிடல், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, அறிக்கை எழுதுவது என்று ஒரு குறைந்தபட்ச வேலை இருக்கும். அதனால் விற்பனையோடு ஒப்பிட்டால் பெரிய கம்பெனியைவிடச் சின்ன கம்பெனிக்கு ஆடிட் செலவின் பங்கு அதிகம்.

2. எத்தனை வகை வேலை, எத்தனை இடம்?

மிளகு மட்டும் வாங்கி விற்றால் கணக்கு நேர்க்கோடு. அதோடு காபியைப் பதப்படுத்துவது, உரக்கடை, உறுப்பினர்களுக்கு முன்பணம், அரசு மானியம் எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை எப்படிக் காட்டுவது, திரும்பாத முன்பணத்தை எப்படிக் காட்டுவது என்று கேள்விகள் வரும்.

பெரிய நிறுவனங்களில் இதே விஷயம் துணை நிறுவனங்கள், வெளிநாட்டுக் கிளைகள், அந்நியச் செலாவணி என்று விரியும். ஒரே அளவு விற்பனை உள்ள இரண்டு நிறுவனங்களில், 20 துணை நிறுவனம் வைத்திருப்பவருக்கு ஃபீஸ் அதிகமாக இருப்பது இதனால்தான்.

3. கையிருப்பும் வராத பாக்கியும்

வங்கியில் இருக்கும் பணத்தைச் சரிபார்ப்பது சுலபம். குடோனில் இருக்கும் சரக்கும், வெளியில் நிற்கும் பாக்கியும் அப்படி இல்லை. இந்த இரண்டும் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நேரம் ஆகும்.

கொல்லிமலையில் மிளகு அறுவடை ஜனவரியில் இருந்து மார்ச் வரை நடக்கும். கணக்கு ஆண்டு முடிவது மார்ச் 31. அதாவது, கணக்கை மூடும் நாளில்தான் குடோனில் மூட்டைகள் அதிகம். கையிருப்பு பெரிய தொகையாக இருந்தால், அதை எண்ணும்போது ஆடிட்டரோ அவருடைய ஆளோ நேரில் நிற்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை. நாமக்கல்லில் இருந்தோ சேலத்தில் இருந்தோ ஆள் மலை ஏறி வர வேண்டும். எடை போட வேண்டும். காய்ந்த மிளகா, ஈர மிளகா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் காயக் காய எடை குறையும். பிறகு, வாங்கிய அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அந்த விலையில் மதிப்புப் போட வேண்டும்.

இந்த ஒரு வேலையைச் செய்பவருக்கும் செய்யாமல் கையெழுத்துப் போடுபவருக்கும் உள்ள வித்தியாசமே ஃபீஸில் பெரிய வித்தியாசமாக வந்துவிடும்.

4. ரிஸ்க்

நஷ்டத்தில் ஓடும் கம்பெனி, கடன் கட்டத் திணறும் கம்பெனி, அடிக்கடி ஆடிட்டரை மாற்றும் கம்பெனி. இவற்றைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கொஞ்சம் யோசிப்பார். கூடுதலாகத் தோண்ட வேண்டியிருக்கும். அதற்கான நேரம் ஃபீஸில் வரும்.

ஆடிட்டர் தலைக்கும் ஆபத்து உண்டு. விதிகளை மீறினால் 25,000 ரூபாயில் இருந்து 5 லட்சம் ரூபாய் வரையோ அல்லது வாங்கிய ஃபீஸைப் போல நான்கு மடங்கோ, இதில் எது குறைவோ அது அபராதம். தெரிந்தே ஏமாற்றினால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள், மிகப் பெரிய நிறுவனங்கள் என்றால் 2018-ல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம் நேரடியாகக் கேள்வி கேட்கும். ஆடிட் நிறுவனத்துக்கு வாங்கிய ஃபீஸைப் போல 10 மடங்கு வரை அபராதம் போடவும், 10 ஆண்டுகள் வரை தொழிலில் இருந்து விலக்கி வைக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது.

5. கணக்கு எழுதும் ஒழுங்கு

கம்பெனியின் கையில் முழுசாக இருக்கும் ஒரே விஷயம் இதுதான்.

இரண்டு மிளகு கம்பெனிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் அந்த வருடம் 600 தடவை மிளகு வாங்கியிருக்கின்றன. முதல் கம்பெனியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் விவசாயி பெயர், எடை, விலை, கையெழுத்துடன் வரிசை எண் போட்ட ரசீது. மாதந்தோறும் வங்கிப் புத்தகத்துடன் சரிபார்த்திருக்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்து 3 நாளில் முடிக்கிறார்கள். மொத்தம் 6 ஆள் நாள்.

இரண்டாவது கம்பெனியில் ரசீதுகள் சாக்குப்பையில். பாதிக்குத் தேதி இல்லை. ரொக்கம் யார் கையில் இருந்து யாருக்குப் போனது என்று தலைவருக்கு மட்டும் தெரியும். அதே இரண்டு பேர் 8 நாள் உட்கார வேண்டியிருக்கிறது. மொத்தம் 16 ஆள் நாள். வியாபாரம் ஒன்றுதான், வேலை இரண்டரை மடங்குக்கும் மேல்.

விவசாயியிடம் விளைபொருள் வாங்கும்போது ரொக்கமாகக் கொடுப்பதற்கு வருமான வரி விதிகளில் விலக்கு இருக்கிறது. அதனால் மலையில் ரொக்க வியாபாரம் தவறில்லை. ஆனால் வாங்கியது விவசாயியிடம்தான் என்று காட்ட ரசீது வேண்டும். அது இல்லை என்றால் ஆடிட் நேரமும் கூடும், வரிச் சிக்கலும் வரும்.

6. சட்டம் கேட்கும் கூடுதல் வேலை

ஆடிட்டர் செய்ய வேண்டிய வேலை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாக வேண்டும். அது வேலை செய்ததா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

2019 ஜூலை முதல் ஆடிட் அறிக்கைகளுக்கு 'யூடின்' என்ற தனி அடையாள எண் கட்டாயம். கையெழுத்து அசலா, போலியா என்று யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். 'காரோ 2020' என்ற ஆணையின்படி 21 தலைப்புகளில் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்குள் உள்ள சிறிய தனியார் நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. வளர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால் ஃபீஸும் ஒரு படி ஏறும்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. என்ரான் மோசடிக்குப் பிறகு 2002-ல் வந்த சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம், நிறுவனங்களின் உள் கட்டுப்பாடுகளையும் ஆடிட்டர் சோதிக்க வேண்டும் என்றது. அங்கே ஆடிட் ஃபீஸ் வேகமாக உயர்ந்தது.

7. ஆடிட்டர் யார், எப்போது கூப்பிடுகிறோம்?

டெலாய்ட், இஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி. உலகின் 'பெரிய நான்கு' என்று சொல்லப்படும் ஆடிட் நிறுவனங்கள் இவை. இவர்களுடைய ஃபீஸ் மற்றவர்களைவிட அதிகம். பெயருக்காக ஒரு பங்கு, அனுபவத்துக்காக ஒரு பங்கு. மிளகு கம்பெனிக்கு இவர்கள் தேவையில்லை. ஆனால் உள்ளூரிலும் இதே விதிதான். அந்தத் துறையில் அனுபவம் உள்ளவர், ஆள் பலம் உள்ளவர் கொஞ்சம் அதிகம் கேட்பார்.

காலமும் முக்கியம். கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்குழுவைச் செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும். வருமான வரித் தணிக்கை அறிக்கைகளுக்கும் வழக்கமாக அதே நாள்தான் கெடு. செப்டம்பரில் ஆடிட்டர் அலுவலகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. மே மாதமே கணக்கைக் கொடுப்பவருக்குப் பேசி வாங்க இடம் இருக்கும். செப்டம்பர் 20-ம் தேதி சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குபவருக்கு அது இருக்காது.

கம்மியாகக் கேட்பவரைப் பிடித்தால் லாபம்தானே?

எப்போதும் இல்லை. முதல் வருஷம் ஃபீஸைக் குறைத்துச் சொல்லி வாடிக்கையாளரைப் பிடிப்பது, பிறகு மெல்ல ஏற்றுவது என்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். நம் நாட்டில் ஆடிட்டரைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு நியமிக்கிறார்கள். அதனால் முதல் வருட ரேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, குறைந்த ஃபீஸுக்குள் வேலையை அடக்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். குடோனுக்குப் போவதை விடலாம். பாக்கி வைத்தவருக்குக் கடிதம் எழுதுவதை விடலாம். அறிக்கை என்னவோ பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பிரச்சினை வரும் நாளில்தான். கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்டை. அதில் இருக்கும் சரக்கு குடோனில் இல்லை என்று பிறகு தெரிந்தால், போவது உறுப்பினர்களின் பங்குப் பணம்.

2021 செப்டம்பரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை இதைத்தான் தொட்டது. சிறிய நிறுவனங்கள் கொடுக்கும் ஃபீஸில் தரநிலைப்படி முழுத் தணிக்கை செய்ய முடியுமா, அப்படி முடியாது என்றால் எல்லாச் சிறிய நிறுவனங்களுக்கும் ஆடிட்டைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டன் போன்ற நாடுகளில் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. இங்கே சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் தரப்பில் எதிர்ப்பு வந்தது. விவாதம் நடந்தது, கட்டாயம் மட்டும் நீங்கவில்லை.

அப்போ அதிகம் கொடுத்தால் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. இதற்கு இந்தியாவின் மிகப் பெரிய பாடம் ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம். 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் புகழ் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனம்.

எங்கே தவறியது? வங்கியில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று ஆடிட்டர் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை நேரடியாக வாங்க வேண்டும். சத்யத்தில் அந்த வேலை ஆடிட்டரின் முழுக் கட்டுப்பாட்டில் நடக்கவில்லை. இதற்காக 2011-ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அபராதம் விதித்தன. 2018 ஜனவரியில் செபி, சத்யத்திடம் வாங்கிய ஆடிட் ஃபீஸான 13 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகையை வட்டியுடன் திருப்பிக் கட்டச் சொன்னதுடன், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனங்களுக்கு 2 ஆண்டு தடையும் விதித்தது. 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கியது. ஆனால் ஃபீஸைத் திருப்பிக் கட்டும் உத்தரவை நீக்கவில்லை.

அமெரிக்காவின் என்ரான் கதை இன்னொரு கோணம். 2000-ம் ஆண்டில் ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் என்ரானிடம் ஆடிட்டுக்காக 2.5 கோடி டாலர் வாங்கியது. ஆலோசனை உள்ளிட்ட மற்ற வேலைகளுக்காக 2.7 கோடி டாலர். அதாவது, தணிக்கையைவிட மற்ற வேலையில் வருமானம் அதிகம். இப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் 'இந்தக் கணக்கு தப்பு' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? என்ரான் 2001-ல் திவாலானது. அடுத்த ஆண்டே ஆண்டர்சனும் தணிக்கைத் தொழிலை விட்டு வெளியேறியது.

இதனால்தான் நம் சட்டத்தில், ஆடிட்டருக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் பிரித்துக் காட்ட வேண்டும். தணிக்கைக்கு எவ்வளவு, வரி வேலைக்கு எவ்வளவு, மற்ற வேலைக்கு எவ்வளவு, பயணச் செலவுக்கு எவ்வளவு என்று தனித்தனி வரி. எந்தக் கம்பெனியின் ஆண்டு அறிக்கையிலும் குறிப்புகள் பகுதியில் இதைப் பார்க்கலாம்.

செலவைக் குறைக்க நேர்மையான வழி என்ன?

ஃபீஸைப் பேரம் பேசுவதைவிட வேலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் வழி.

கொள்முதல் ரசீது: வரிசை எண், தேதி, எடை, விலை, கையெழுத்து. சந்தை நாளில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இதை விடக் கூடாது.

மாதக் கணக்கு: வங்கி இருப்பும் கணக்குப் புத்தகமும் மாதாமாதம் பொருந்த வேண்டும். மார்ச்சில் மொத்தமாக உட்கார்ந்தால் ஒன்றும் நினைவு இருக்காது.

சரக்கு எண்ணும் தேதி: மார்ச் மாத ஆரம்பத்திலேயே ஆடிட்டருடன் பேசி நாள் குறித்துவிட வேண்டும். எல்லா மூட்டையையும் ஒரே குடோனில் வைத்தால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

பாக்கிப் பட்டியல்: யார் தர வேண்டும், எத்தனை நாளாக என்று பட்டியல் தயாராக இருக்கட்டும்.

உள் தணிக்கை: சட்டம் சொல்வதால் மட்டும் இல்லை. நடுவருஷத்தில் தவறு பிடிபட்டால் வருடக் கடைசியில் வெளி ஆடிட்டருக்கு வேலை குறையும்.

காலதாமதம் வேண்டாம்: ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் ஓடும். இதற்கு உச்சவரம்பு இல்லை. ஆடிட் ஃபீஸில் மிச்சம் பிடித்ததை இதில் விட்டுவிடக் கூடாது.

பொதுக்குழுவில் உறுப்பினர் என்ன கேட்கலாம்?

உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொதுக்குழுவுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஆடிட்டர் நியமனமும் அந்தக் கூட்டத்தில்தான். ஐந்து பங்கு வைத்திருக்கும் விவசாயிக்கும் ஐம்பது பங்கு வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரே ஓட்டு. கை தூக்கும் முன் சில கேள்விகள் கேட்கலாம்.

ஆடிட்டர் குடோனுக்கு வந்து மூட்டையை எண்ணினாரா? வங்கியிடம் நேரடியாக இருப்பைக் கேட்டாரா? நம் கணக்கை எழுதுபவருக்கும் ஆடிட்டருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? போன வருஷத்தைவிட ஃபீஸ் கூடியிருந்தால், குறைந்திருந்தால், காரணம் என்ன? ஆடிட் தவிர வேறு வேலைக்கும் அவருக்குப் பணம் போகிறதா? அறிக்கையில் யூடின் எண் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் தெளிவான பதில் வந்தால், கேட்ட ஃபீஸ் நியாயமா என்று முடிவு செய்வது சுலபம். ஆரம்பத்தில் பார்த்த மூன்று ஆடிட்டர்களில், கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் ரேட் சொல்ல முடியாது என்ற மூன்றாமவரிடம் அடுத்த கட்டம் பேசுவதுதான் சரி. மலை ஏறி வந்து மூட்டையை எண்ண எத்தனை நாள் ஆகும் என்று பார்த்த பிறகுதான் அவர் விலை சொல்லப் போகிறார்.